தொண்டின் விலையைக் கொடுப்பது யார்?

பாட்டி இறந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் செருப்பு கழற்றி வைக்க இடமில்லை. சிரம்பான், ரந்தாவ், பகாவ், கிள்ளான், ஜொகூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேரை எனக்கு யாரென்றே தெரியாது. அறுபது வயது தாண்டிய ஒருவர் பாட்டியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "பெத்தது எங்கம்மா. தூக்கி வளர்த்தது இந்த ஆயாம்மா" என்று சொல்லி விம்மி அழுதார். கூட வந்திருந்த அவருடைய பேரப்பிள்ளைகள் தாத்தா அழுவதை அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது, மிரண்டு போய் நின்றார்கள்.

என் அப்பா அழவில்லை. கூடாரத்துக்கு வெளியே நாற்காலிகளை எடுப்பதும் அடுக்குவதுமாக இருந்தார். ஒரு பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா தோட்டத்துக்கே தாயா இருந்தாங்கப்பா" என்றார். அதற்கு அப்பா, "ஆமாங்க, தோட்டத்துக்குத் தாய்தான்" என்றார். அவ்வளவுதான், மறுபடியும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நண்பர்களே, தொண்டு செய்தவர்களைப் பற்றி நம் இதழில் நிறையப் படித்திருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். என் பாட்டியைப் பற்றியும் அப்படி ஒரு பாராட்டுக் கட்டுரை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அப்பா சொன்ன அந்த 'தாய்தான்' என்ற சொல் என்னை விடவில்லை. அதனால் பாட்டியைப் பற்றி எழுதும்போதே ஒரு கேள்வியையும் உங்கள் முன் வைக்கிறேன். ஒருவர் ஊருக்கு உழைக்கிறார். அந்த உழைப்பின் விலையைக் கொடுப்பது யார்?

பாட்டி 1936-இல் பிறந்தவர். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டம்தான் அவருடைய உலகம். அங்கே இப்போது மரமும் இல்லை, லயமும் இல்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது.

ஜப்பான்காரன் காலத்தில் பாட்டியின் அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். பாட்டியின் அப்பாவும் திரும்பி வரவில்லை. அடுத்த வருடமே அவருடைய அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார். ஏழெட்டு வயதுப் பிள்ளையைச் சொந்தக்காரர் யாரும் எடுத்து வளர்க்கவில்லை, லயம்தான் வளர்த்தது. ஒரு வீட்டில் கஞ்சி, ஒரு வீட்டில் மரவள்ளிக்கிழங்கு, ஒரு வீட்டில் படுக்கப் பாய்.

இதை அவர் துயரக் கதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை, கணக்காகத்தான் சொல்வார். "பதினோரு வீட்டுச் சோறு தின்னவ நானு. அடைச்சு முடியுமா அந்தக் கடன்?" என்பார். யாராவது "நீங்க பெரிய மனசு" என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தான் செய்வது தர்மம் என்று அவர் நினைத்ததே இல்லை. அவரைப் பொறுத்தவரை அது கடன்.

அந்தக் கடனை அடைக்க அவருக்கு ஆயாக் கொட்டகை கிடைத்தது. பால்வெட்டுக்குப் போகிற பெண்கள் விடியும் முன்பே பெரட்டுக்குப் போக வேண்டும். தூங்குகிற பிள்ளைகளைச் சாரோங்கோடு தூக்கி வந்து கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுவார்கள். வரிசையாகத் தொட்டில்கள். பாட்டி பாலைக் கலக்குவார், துணி மாற்றுவார், பேன் பார்ப்பார், வயிற்றுப்போக்கு என்றால் தூக்கிக்கொண்டு டிரஸ்ஸரிடம் ஓடுவார். இதற்கெல்லாம் சம்பளம் உண்டு. சம்பளம் இல்லாத வேலை சாயங்காலம்தான் ஆரம்பிக்கும். பிரசவ வலி என்றால் நடுராத்திரியில் தோட்டத்து லாரியில் அந்தப் பெண்ணோடு ஏறி சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போவார். செத்த வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். சம்பள நாள் வந்தால் கள்ளுக்கடையிலிருந்து வரும் புருஷனுக்குப் பயந்து பெண்களும் பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள்.

இதெல்லாம் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. அதை அப்பா, பாட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி, பந்தல் பிரித்த பிறகு சொன்னார்.

அப்பா 1957-இல், மெர்டேக்கா ஆண்டில் பிறந்தவர். 1969-இல் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தார். நன்றாகப் படிப்பவர். அடுத்தது பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பு. பஸ் காசு, சீருடை, சப்பாத்து, புத்தகம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதற்காக ஒரு மைலோ டின்னில் இரண்டு வருடமாகக் காசு சேர்ந்துகொண்டிருந்தது. பாட்டி போட்டது கொஞ்சம், அப்பா போட்டது கொஞ்சம். பள்ளி விட்டு வந்து கோழி வளர்த்து விற்ற காசும், லீவு நாளில் ஒட்டுப்பால் பொறுக்கிய காசும் அதில் இருந்தன.

1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் விதி கடுமையானது. சிவப்பு ஐ.சி. வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். இங்கேயே பிறந்தும் பத்திரம் இல்லாதவர்கள், முப்பது நாற்பது வருடம் இங்கே பால் வெட்டியவர்கள் எல்லாம் கப்பல் ஏறினார்கள். எங்கள் பாட்டியின் பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படித்தான். புருஷனுக்கும் மனைவிக்கும் சிவப்பு ஐ.சி., நான்கு பிள்ளைகள், வேலை இல்லை. ஊருக்குப் போகலாம் என்றால் வழிச் செலவுக்குப் பணம் போதவில்லை. அந்த வீட்டுக் கிழவிதான் 1944-இல் பாட்டிக்குப் பாய் போட்டுக் கொடுத்தவர்.

பாட்டி தன் கழுத்துச் சங்கிலியை சிரம்பான் அடகுக்கடையில் வைத்தார். அதுவும் போதவில்லை. மைலோ டின்னைத் திறந்தார்.

"போர்ட் சுவெட்டன்ஹம் வரைக்கும் வழியனுப்பப் போனோம். ரஜூலா கப்பல். அவங்க பிள்ளைங்க கைகாட்டுனாங்க, நானும் கைகாட்டுனேன்" என்றார் அப்பா. "வீட்டுக்கு வந்து சப்பாத்து வாங்கப் போலாம்மான்னு கேட்டேன். அப்பத்தான் சொன்னாங்க."

சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த காசில் எப்படியோ அப்பாவைப் பள்ளியில் சேர்த்துவிட்டார் பாட்டி. ஆனால் அந்தச் சமயம் தாத்தாவுக்கும் உடம்பு முடியாமல் போயிற்று. பாதி நாள் பஸ்ஸுக்குக் காசில்லை. வருடம் முடிவதற்குள் அப்பா படிப்பை விட்டுவிட்டு மங்கும் வாளியும் தூக்கினார். அப்போது வயது பதின்மூன்று.

"சம்பள நாள் ராத்திரின்னா எனக்கு என் வீட்ல படுக்க இடம் இருக்காது. அஞ்சடியிலதான் படுப்பேன். அதெல்லாம் பெருசா தெரியல. ஆனா அந்த டின்னு..." என்று சொல்லி நிறுத்தினார். "ஊருக்கெல்லாம் குடுத்தாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. யார் பக்கம் நியாயம்? நடுத்தெருவில் நிற்கிற ஆறு பேர் ஒரு பக்கம். ஒரு பையனின் படிப்பு இன்னொரு பக்கம். எடை போட்டுப் பார்த்தால் பாட்டி செய்தது சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பையன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அறுபது வயதைத் தாண்டியும் குரல் கம்மும்போது, எடைக்கல் எதற்கு உதவும்?

நம் மரபு இந்தக் கேள்வியை அறியாமல் இல்லை. காரைக்கால் அம்மையாரின் கதை நமக்கெல்லாம் தெரியும். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த அடியாருக்குப் புனிதவதியார் படைத்தார். பிறகு கணவன் அந்த இரண்டாவது கனியைக் கேட்டான். இறைவன் அருளால் வேறு கனி வந்தது. கணவன் வியந்தான், பயந்தான், கடைசியில் விலகியே போய்விட்டான். அடியாரின் பசியை ஆற்றியது குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் கதையைச் சொல்லும்போது அந்த மாங்கனி யார் வாங்கி அனுப்பியது என்பதை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அம்மையாருக்கு இறைவன் கனி தந்தான். மைலோ டின்னில் யாரும் காசு போடவில்லை.

மகாபாரதத்தின் அசுவமேத பர்வத்தில் இன்னொரு கதை. தருமர் பெரிய யாகம் செய்து முடித்து வாரி வழங்கியபோது, பாதி உடம்பு பொன்னான ஒரு கீரி வந்து, இது ஒரு தானமா என்று சிரிக்கிறது. குருக்ஷேத்திரத்தில் ஓர் ஏழைக் குடும்பம். அப்பா, அம்மா, மகன், மருமகள். பஞ்ச காலத்தில் கிடைத்த கொஞ்சம் மாவை நான்கு பங்காக்கிச் சாப்பிட உட்கார்ந்தபோது விருந்தாளி வருகிறார். அப்பா தன் பங்கைக் கொடுக்கிறார். பசி தீரவில்லை. மனைவி தன் பங்கை எடுத்து நீட்டுகிறாள். "உன் பங்கை நான் எப்படி எடுப்பேன்?" என்று தயங்குகிறார் கணவர். இது என் பங்கு, நான் கொடுக்கிறேன் என்கிறாள். பிறகு மகன், பிறகு மருமகள். அங்கே சிந்திய மாவில் புரண்டுதான் கீரியின் பாதி உடம்பு பொன்னானது.

இந்தக் கதையைச் சிறு வயதில் சமய வகுப்பில் கேட்டபோது, ஏழையின் தானம் பெரிது என்பதுதான் அதன் கருத்து என்று நினைத்தேன். அப்பா பேசிய பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. அந்த வீட்டில் நான்கு பங்கும் போயிற்று. ஆனால் ஒருவர் பங்கை இன்னொருவர் எடுத்துக் கொடுக்கவில்லை.

பாட்டியின் சங்கிலி பாட்டியின் பங்கு. அந்த டின்னில் அப்பாவின் பங்கும் இருந்தது.

இது நம் வீட்டுச் சிக்கல் மட்டுமல்ல. மகாத்மா காந்தியின் மூத்த மகன் ஹரிலால், இங்கிலாந்து போய்ச் சட்டம் படிக்க ஆசைப்பட்டார். காந்தியின் நண்பர் பிராண்ஜீவன் மேத்தா உதவித்தொகை தர முன்வந்தார். தன் மகனுக்கு அது போகக் கூடாது என்று நினைத்த காந்தி வேறு இளைஞருக்கு அதைக் கொடுக்கச் செய்தார். 1911-இல் ஹரிலால் தந்தையை விட்டுப் பிரிந்தார். பின்னால் அவர் வாழ்க்கை சிதைந்தது. 1948-இல், தந்தை சுடப்பட்ட சில மாதங்களிலேயே அவரும் இறந்துபோனார். பொதுக் காசு சொந்த மகனுக்குப் போகக் கூடாது என்று காந்தி நினைத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் அந்த நேர்மைக்கு விலை கொடுத்தது ஹரிலால். பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் அவர்களுக்குத் தன்மேல் மனக்குறை உண்டு என்று காந்தியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

'அப்படியென்றால் குடும்பம் வைத்திருப்பவர்கள் தொண்டே செய்யக் கூடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டிலேயே அன்னை மங்களம் இருந்தார். சுவாமி சத்தியானந்தா தொடங்கிய பூச்சோங் சுத்த சமாஜத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகவே வாழ்ந்து 2023 மே மாதம் மறைந்தார். அவர் இல்லறத்துக்குள் போகவில்லை. தன் முழு வாழ்க்கையையும் தன் பங்காகவே எடுத்துக் கொடுத்தார். அது ஒரு பாதை, எல்லோராலும் முடியாது. நாம் பெரும்பாலோர் இல்லறத்தார், அல்லது இல்லறத்துக்குள் போகப் போகிறவர்கள். இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரை வள்ளுவர் வரிசையாகச் சொல்கிறார். மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், ஐந்தாவதாகத் தான். விருந்தினருக்காகச் சுற்றத்தாரை விடு என்று அவர் சொல்லவில்லை. சுற்றத்தாரைக் காட்டி விருந்தினரை விரட்டு என்றும் சொல்லவில்லை. ஐந்தையும் சேர்த்துச் சுமக்கச் சொல்கிறார். சுமை கனமானது. கனமில்லை என்று நடிப்பதுதான் தப்பு.

இப்போது பாட்டியிடம் திரும்பி வருகிறேன். அவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒருநாள் மத்தியானம், நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னார்: "உங்கப்பன் கோழி வித்த காசை நான் எடுத்துட்டேன்டா. கேக்காம எடுத்துட்டேன்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயதானவர்கள் பழசைக் குழப்பிக்கொள்வது போல என்று நினைத்து, "பரவால்ல பாட்டி, கோழிதானே" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "குடுத்தது தப்பில்ல. இன்னிக்கும் குடுப்பேன். கேக்காம எடுத்தேன் பாரு, அதுதான்..." என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊரில் யாருக்கும் கடன் பாக்கி வைக்காத மனுஷி. பதினோரு வீட்டுச் சோற்றையும் எண்ணி எண்ணி அடைத்தவர். சொந்த மகனிடம் பட்ட கடனை மட்டும் ஐம்பது வருடம் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். ஏன் என்னிடம் சொன்னார், ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை? ஊராரிடம் கைகூப்புவது சுலபம், பெற்ற பிள்ளையிடம் தப்பென்று சொல்வது கஷ்டம். அது பாட்டிக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பதினாறாம் நாளுக்கு ஒரு வாரம் கழித்து இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று சொல்வார், கதை நல்லபடியாக முடியும் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனா? தெரியலப்பா. பன்னெண்டு வயசு. மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். அப்புறம் அவங்க என்ன பண்ணியிருப்பாங்க, பாவம்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நாலு பிள்ளைங்க இப்ப எங்க இருக்காங்களோ" என்றார்.

அப்பாவின் இந்தப் பதில்தான் எனக்கு மிகப் பெரிய பாடம். 'கேட்டுவிட்டுக் கொடு' என்று சொல்வது சுலபம். கேட்டால் 'மாட்டேன்' என்று பதில் வரலாம். அப்படி வந்த பிறகும் கொடுத்தே ஆக வேண்டிய நேரமும் வரலாம். அப்போது என்ன செய்வது? எனக்குத் தோன்றுவது இதுதான். வீட்டில் ஒருவர் பங்கை எடுத்து வெளியே கொடுக்க வேண்டி வந்தால், அதை நம் தியாகம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அவரிடம் பட்ட கடன் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிந்தபோது அடைக்க வேண்டும். முடியாவிட்டால், முடியவில்லை என்றாவது சொல்ல வேண்டும். பாட்டிக்கு ஐம்பது வருடம் இருந்தது. ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும்.

ஊர் அவருக்கு மாலை போட்டது. போட்டதில் தப்பில்லை, அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் மாலை ஒருவர் கழுத்தில் விழுந்தபோது, அந்தத் தொண்டில் பாதி விலையைக் கொடுத்தவர் கூடாரத்துக்கு வெளியே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, நாமும் ஓடிக்கொண்டிருக்கிறோம். கோயில் சிரமதானம், ரத்ததான முகாம், சமய வகுப்பு, வெள்ள நிவாரணம் என்று வார இறுதியெல்லாம் போய்விடுகிறது. படம் எடுத்துப் போடுகிறோம், நாலு பேர் பாராட்டுகிறார்கள். அதே நேரத்தில் வீட்டில் யாரோ ஒருவர் நமக்காகத் தனியாகச் சமைத்துக்கொண்டிருக்கிறார், தனியாக அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறார், கடையில் நமக்குப் பதிலாக நிற்கிறார். இதற்காகத் தொண்டை விட்டுவிடாதீர்கள். இதைச் சாக்காக வைத்து வீட்டிலேயே படுத்துக்கொள்ளவும் வேண்டாம், பாட்டி அதை மன்னிக்கவே மாட்டார்.

நான் செய்தது சின்ன விஷயம்தான். நான்கு வருடமாகச் சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறேன். இதுவரை வீட்டில் யாரையும் கேட்டதில்லை, நல்ல காரியம்தானே என்ற தைரியம். போன மாதம் முதல்முறையாக என் மனைவியிடமும் ஐந்து வயது மகளிடமும் கேட்டேன். மனைவி, "இப்பவாச்சும் கேட்டீங்களே" என்றாள். மகள் யோசித்துவிட்டு, "எனக்கும் ரெண்டு சனிக்கிழமை வேணும்" என்றாள்.

இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மண்டபத்துக்கு, இரண்டு சனிக்கிழமை அவளுக்கு. மண்டபத்துக்கு நான் போகாத நாள்களில் நம் சங்கத்துத் தம்பி ஒருவர் வகுப்பை எடுக்கிறார். அவரிடம் நான் முதலில் கேட்டது, "வீட்ல சொல்லிட்டீங்களா தம்பி?" என்றுதான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ, தாத்தாவோ, அம்மாவோ ஊருக்கு உழைத்தவராக இருந்திருப்பார். அவரை நினைத்துக் கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு, அந்த உழைப்பின் விலையை வீட்டில் யார் கொடுத்தார் என்றும் விசாரியுங்கள். அவர் உயிரோடு இருந்தால், இன்றைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.